“1,846 பிழைகள்” என்று காட்டும் பராமரிப்பு மென்பொருளுக்குப் பணம் கட்டலாமா?

தளிர்_டீச்சர் | பொகவந்தலாவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலை அலுவலகத்தில் ஒரு மேசைக்கணினி இருக்கிறது. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 500 ஜிபி வன்தட்டு. தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், மாணவர் விவரங்கள், பெற்றோருக்கு அனுப்பும் கடிதங்கள் எல்லாம் அதில்தான். சில வாரங்களாக ஒரு கோப்பைத் திறக்கவே பல நிமிடங்கள் ஆகின்றன. இடையிடையே சுட்டிகூட அசையாமல் உறைந்து நிற்கிறது. கணினி நின்றுபோய்ப் பிழை காட்டும் நீலத்திரையும் வந்துவிட்டது.

தெரிந்த ஒருவர் இணையத்திலிருந்து ஒரு பராமரிப்பு மென்பொருளை இறக்கி ஓட்டிக் காட்டினார். முடிவில் சிவப்பு எழுத்தில் “1,846 பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன” என்று வந்தது. அவற்றைச் சரிசெய்யக் கட்டணப் பதிப்பு வாங்க வேண்டுமாம். கட்டணம் டொலரில், ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணத்தில் வாங்கலாம் என்று அதிபர் சொல்கிறார். அந்தப் பணம் மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மார் கொடுத்த பணம். அதனால்தான் கேட்கிறேன். வாங்கினால் கணினி சரியாகுமா?

குளிர்காற்று | நுவரெலியா

கட்ட வேண்டாம், டீச்சர். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று: வினாத்தாள்களுக்கு வேறெங்காவது பிரதி இருக்கிறதா? இல்லையென்றால் வேறு எந்தப் பரிசோதனையும் செய்வதற்கு முன் அவற்றை ஒரு பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள்.

திருப்புளி | ஹட்டன்

டீச்சர், கணினி பழுதுபார்ப்பது என் தொழில். அந்த 1,846 என்ற எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பகுதி உலாவியின் குக்கீகள், தற்காலிகக் கோப்புகள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய வரிகள். ஒரு மென்பொருளை நீக்கினால் அதன் பெயரில் சில வரிகள் எஞ்சி நிற்கும். அவை யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. அன்றுதான் விண்டோஸ் நிறுவிய கணினியில்கூட இப்படிப்பட்ட மென்பொருள் நூற்றுக்கணக்கில் பிழைகள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எண் பெரிதாக இருந்தால்தானே பயம் வரும்.

கோப்புத் திறக்கத் தாமதம், முழு உறைவு, நீலத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் வன்தட்டின் மேல்தான். வேரில் வட்டப்புழு இருக்கும்போது இலைக்கு மருந்தடித்துப் பயனில்லை.

குளிர்காற்று சொன்னபடி பிரதி எடுப்பதுதான் முதல் வேலை. முழு வன்தட்டையும் எடுக்க முயலாதீர்கள். வினாத்தாள், மாணவர் விவரம் என்று இழக்க முடியாதவற்றை முதலில் எடுங்கள். படங்களும் காணொளிகளும் பிறகு.

அடுத்து, கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவசக் கருவியை வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டு வாருங்கள். நிறுவத் தேவையில்லாத பதிப்பும் உண்டு. அதையே எடுங்கள், ஏனெனில் பழுதான தட்டில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். இந்தக் கருவி அதை வாசித்துக் காட்டும். நீல நிறம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். நிறத்தோடு நின்றுவிடாமல் நான்கு வரிகளைப் பார்த்து எழுதுங்கள். 05 என்பது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். சி6 என்பது திருத்தவே முடியாதவை. சி7 கூடியிருந்தால் பெரும்பாலும் தட்டில் குறையில்லை. தட்டையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் கேபிளிலோ அதன் முனையிலோ கோளாறு. கேபிளை மாற்றினால் போதும். எங்கள் பகுதி ஈரத்தில் முனைகள் பச்சை பூத்துப்போவதால் இதை நான் அடிக்கடி காண்கிறேன்.

பிறகு விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் இவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில் சிவப்புக் குறியிட்ட பதிவுகளைப் பாருங்கள். டிஸ்க் என்ற பெயரில் 7 என்ற இலக்கம் வந்தால் தட்டில் பழுதான பகுதி உண்டு என்று பொருள். கெர்னல் பவர் 41 வந்தால் கணினி முறையாக நிறுத்தப்படாமல் அணைந்திருக்கிறது. மின்சாரம் போனாலும் வரும், உறைந்து நின்ற கணினியின் பொத்தானை அழுத்தி அணைத்தாலும் வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இணையத்தில் எல்லோரும் முதலில் சொல்வது விண்டோஸின் தட்டுச் சோதனைக் கருவியான செக் டிஸ்க்கை ‘ஆர்’ என்ற எழுத்தோடு ஓட்டும்படிதான். அது தட்டின் ஒவ்வொரு பகுதியையும் வாசித்துப் பார்க்கும். நல்ல தட்டுக்கு அதனால் தீங்கில்லை. போய்க்கொண்டிருக்கும் தட்டை அது ஒரேயடியாகக் கொன்றுவிடக்கூடும். பிரதி கையில் வரும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெள்ளிமலை | இராகலை

திருப்புளி சொல்லும் சோதனைகளை மறுக்கவில்லை. ஆனால் துப்புரவு மென்பொருள் எல்லாமே ஏமாற்று என்ற தொனி சரியில்லை. சிகிளீனர் என்ற துப்புரவு மென்பொருளை நான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். 120 ஜிபி எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம்) உள்ள கணினியில் இடம் நிரம்பும்போது அதுதான் உதவுகிறது. தொடக்கத்தில் தானாக ஓடும் மென்பொருள்களை நிறுத்தவும் உதவுகிறது. கணினி பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது வசதி இல்லையா?

பேராதனை_மாணவன்

ஐயா, அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. 2017 ஓகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்புக்குள் தாக்குநர்கள் தீநிரலைப் புகுத்திவிட்டார்கள். நிறுவனத்தின் முறையான கையொப்பத்துடனேயே அது வெளியானது. செப்டெம்பரில் வெளிச்சத்துக்கு வருவதற்குள் சுமார் 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் இறங்கிவிட்டது. அதே வருடம் ஜூலையில்தான் அவாஸ்ட் நிறுவனம் அந்த மென்பொருளின் உரிமையாளரான பிரிபோர்மை வாங்கியிருந்தது. உடனே திருத்தி வெளியிட்டார்கள், உண்மைதான். ஆனால் கணினி முழுவதற்கும் நிர்வாக உரிமை கொடுத்து ஒரு மென்பொருளை ஓடவிடும்போது எவ்வளவு பெரிய நம்பிக்கையை அதன்மேல் வைக்கிறோம் என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது.

போலிப் பரிசோதனைக்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஒபிஸ் டிப்போ என்ற கடைத்தொடர் தன் கடைகளில் இலவசமாகக் கணினிப் பரிசோதனை செய்து கொடுத்தது. பரிசோதனை தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்பார்கள்: கணினி வேகம் குறைந்ததா, அடிக்கடி உறைகிறதா என்பன போல. ஒன்றுக்கு ‘ஆம்’ என்று குறித்தாலே, உள்ளே என்ன இருந்தாலும், தீநிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வரும். அதை வைத்துப் பழுதுபார்ப்புச் சேவையை விற்றார்கள். 2019 மார்ச்சில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட இணக்கத்தில் ஒபிஸ் டிப்போ 2 கோடி 50 இலட்சம் டொலரும், மென்பொருளை வழங்கிய நிறுவனம் 1 கோடி டொலரும் கட்ட நேர்ந்தது. டீச்சரின் திரையில் வந்த சிவப்பு எழுத்தைப் படித்தபோது எனக்கு இந்த வழக்குத்தான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிமலை | இராகலை

ஒரு பதிப்பில் தாக்குதல் நடந்தது என்பதற்காக அந்த வகை மென்பொருளையே தள்ளிவிட முடியாது, தம்பி. அப்படிப் பார்த்தால் எதைத்தான் நிறுவ முடியும்?

திருப்புளி | ஹட்டன்

வெள்ளிமலை ஐயா, இடம் துப்புரவு செய்வதையும் ரெஜிஸ்ட்ரி துப்புரவையும் பிரித்துப் பேசுவோம். தற்காலிகக் கோப்புகளை அழிப்பதில் தவறில்லை. விண்டோஸிலேயே அதற்கு ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. அமைப்புகளில் சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் கிடைக்கும். தொடக்கத்தில் ஓடுபவற்றை டாஸ்க் மெனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்திலேயே நிறுத்தலாம். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் ஓட்டோரன்ஸ் இருக்கிறது. மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் என்ற இருவர் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று அது. 2006இல் மைக்ரோசொப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. கருவிகள் இன்றும் இலவசம். அவை “இத்தனை பிழைகள்” என்று மிரட்டுவதில்லை. உள்ளதை உள்ளபடி காட்டும், முடிவெடுப்பது நாம்.

ரெஜிஸ்ட்ரி துப்புரவு வேறு விஷயம். பல இலட்சம் வரிகளில் சில நூறு வரிகளை நீக்கினால் வேகம் கூடாது. தேவையான ஒரு வரி அவற்றோடு போய்விட்டால் அச்சுப்பொறி இயங்காது, சில வேளைகளில் விண்டோஸே ஏறாது. ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்ட் எழுதியே வைத்திருக்கிறது. மிரட்டும் வாசகங்களைக் காட்டிப் பணம் கேட்கும் துப்புரவு மென்பொருள்களை 2018 மார்ச் முதல் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிபென்டரே வேண்டாதவை என்று நீக்கவும் தொடங்கியது.

கோபம் வருகிறது, மறைக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒன்று உயர்தரப் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய கணினியில் நான்கு துப்புரவு மென்பொருளும் இரண்டு டிரைவர் புதுப்பிப்பானும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கும். அவற்றை நீக்கினாலே கணினி மூச்சு விடும். நோய் இல்லாத இடத்தில் நோய் உண்டாக்கி விற்கிறார்கள்.

தளிர்_டீச்சர் | பொகவந்தலாவை

வினாத்தாள்களையும் மாணவர் விவரங்களையும் பென் டிரைவுக்கு எடுத்துவிட்டேன். அதற்கே ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விட்டது. கடந்த வருட வினாத்தாள் கோப்புறை ஒன்று மட்டும் பாதியில் நின்று, வாசிக்க முடியவில்லை என்று சொல்கிறது.

கிறிஸ்டல் டிஸ்க் இன்போ மஞ்சள் நிறம். 05 வரியில் 2B8, சி5 வரியில் 40, சி6 வரியிலும் 40, சி7 வரியில் சுழியம். இவென்ட் வியூவரில் டிஸ்க் 7 வரிசையாக இருக்கிறது. கெர்னல் பவர் 41 பல இடங்களில். டாஸ்க் மெனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம் என்று இருக்கிறது. 2B8 என்றால் என்ன, அண்ணா?

திருப்புளி | ஹட்டன்

அந்தக் கருவி பதினாறை அடிப்படையாகக் கொண்ட பதினறும எண்ணில் காட்டுகிறது. 2B8 என்பது 696, 40 என்பது 64. ஆக 696 பகுதிகளுக்கு ஏற்கெனவே மாற்றிடம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் 64 பகுதிகள் வாசிக்க முடியாமல் நிற்கின்றன. கேபிளில் குறையில்லை. தட்டு போய்க்கொண்டிருக்கிறது, டீச்சர். எந்த மென்பொருளாலும் அதைக் குணப்படுத்த முடியாது. கட்டணப் பதிப்பு வாங்கியிருந்தால் அது 1,846 வரிகளைத் துடைத்து “சரிசெய்யப்பட்டது” என்று பச்சை எழுத்தில் காட்டியிருக்கும். சில நாட்களில் வினாத்தாள்களோடு தட்டும் போயிருக்கும்.

டிஸ்க் 100 சதவீதம் என்பதைப் பற்றி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சுழலும் தட்டில் விண்டோஸ் 10 ஓடினால் புதுப்பிப்பு இறங்கும் நேரத்தில் 100 தொடுவது சாதாரணம். அதைக் கண்டு பயப்படாதீர்கள். அதே பக்கத்தில் சராசரி மறுமொழி நேரம் என்று மில்லி செக்கனில் ஓர் எண் இருக்கும். அது சில பத்துகளில் இருந்தால் தட்டு வேலைப்பளுவில் இருக்கிறது. ஆயிரங்களில் நின்றால் தட்டில் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

இனி அந்தக் கணினியை அணைத்தே வையுங்கள். பாதியில் நின்ற கோப்புறையை மீண்டும் மீண்டும் பிரதியெடுக்க முயல வேண்டாம். விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அதே பழுதான இடத்தை முட்டிக்கொண்டு நிற்கும்.

பெங்குவின்_பதுளை

அந்தக் கோப்புறையை மீட்க வழி உண்டு. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஏற்றுங்கள். நிறுவ வேண்டாம், முயன்று பார்க்கும் நிலையிலேயே விடுங்கள். அதில் குனூ டிடிரெஸ்கியூ என்ற கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். பழுதான தட்டைப் புதிய தட்டுக்கோ ஒரு பிம்பக் கோப்புக்கோ (முழுத் தட்டின் நகல் ஒரே கோப்பாக) பிரதியெடுக்கவே எழுதப்பட்ட கருவி அது. சுலபமாக வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிடும். சிக்கலான இடங்களைத் தாண்டிப்போய், கடைசியில்தான் திரும்ப வந்து முயலும். எது முடிந்தது, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊர்களில் இதற்காகவே அதைக் கும்பிட வேண்டும். அந்த வரைபடக் கோப்பைப் பழுதான தட்டிலும் வைக்காதீர்கள், கணினியை அணைத்தால் மறைந்துவிடும் இடத்திலும் வைக்காதீர்கள். வேறொரு பென் டிரைவில் வையுங்கள்.

மூலத்தட்டு எது, சேரும் தட்டு எது என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றிக் கொடுத்தால் வெறுந்தட்டு உங்கள் தட்டின் மேல் எழுதப்பட்டுவிடும். அருகில் பழக்கமுள்ள யாராவது இருந்தால் உடன் வைத்துக்கொள்வது நல்லது. 500 ஜிபி நல்ல தட்டு என்றால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடியும். இந்த நிலையில் உள்ளதற்கு ஓரிரவுகூட ஆகலாம். பின்புறம் ஒரு சிறு மின்விசிறி காற்று படும்படி வையுங்கள்.

ஃபெக்டரி_கிளார்க் | தலவாக்கலை

இதே அறிகுறி எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகக் கணினியிலும் வந்தது, காரணம் வேறு. தட்டு நீலமாக, நலமாகத்தான் இருந்தது. காலையில் நன்றாக வேலை செய்யும், பத்து மணிக்கு மேல் தவழும், பிறகு தானாக அணைந்துவிடும். ஹெச்டபிள்யூஇன்போ என்ற இலவசக் கருவியை ஓடவிட்டதில் செயலியின் வெப்பம் 97 பாகை காட்டியது. பெட்டியைத் திறந்தால் வெப்பத்தகட்டின் இடுக்குகளில் தேயிலைத் தூசி கம்பளம் போட்டது போல் படிந்திருந்தது. தேயிலை சலிக்கும் அறையின் தூசி காற்றோடு வந்து விசிறி வழியாக உள்ளே போய்விடுகிறது. மென்தூரிகையால் துப்புரவு செய்து, செயலியின் மேல் புதிய வெப்பப் பசை தடவியபின் 60ஐத் தாண்டவில்லை.

தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நண்பர்கள் இந்தச் சோதனையை மறக்க வேண்டாம். செயலி அளவுமீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து வைரஸ் என்று நினைத்துவிடுகிறார்கள்.

குளிர்காற்று | நுவரெலியா

ஈரப்பதம் பற்றியும் சொல்ல வேண்டும். விடுமுறைக்குப் போகும்போது கணினியைப் பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடிவிட்டுப் போகும் பழக்கம் பாடசாலைகளில் பரவலாக இருக்கிறது. தூசி போகாது, சரி. ஆனால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லை. பருத்தித் துணியால் மூடுவதே போதும். விடுமுறையிலும் வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு மணி நேரம் கணினியை ஓடவிட்டால் அதன் சூட்டிலேயே ஈரம் உலர்ந்துவிடும். டித்வா புயலுக்குப் பிறகு நனைந்த கணினிகளைப் பலர் அவசரப்பட்டு இயக்கிப் பார்த்தார்கள். நனைந்த கணினியை முழுமையாக உலர்த்தாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. தகவல் முக்கியமென்றால் வன்தட்டைக் கழற்றி, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் அப்படியே கொடுக்க வேண்டும்.

இடிமழை | கினிகத்தேனை

டீச்சரின் பட்டியலில் கெர்னல் பவர் 41 பல இடங்களில் இருப்பதை யாரும் தொடரவில்லை. தட்டு ஏன் இப்படியானது என்பதற்கு அதிலும் ஒரு பதில் இருக்கலாம். அங்கே மின்சாரம் போனாலும் கணினியைச் சிறிது நேரம் தாங்கும் யூ.பி.எஸ். இருக்கிறதா? இருந்தால் அதன் மின்கலம் எப்போது மாற்றப்பட்டது?

நம் பகுதியில் மழையோடு மின்சாரம் போவதும், வந்து உடனே மீண்டும் போவதும் வழக்கம். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் பல யூ.பி.எஸ். மின்கலங்கள் அடியோடு வற்றி வற்றிச் செத்தன. ஈய-அமில மின்கலம் அடிக்கடி முழுவதும் வற்றுவதைத் தாங்காது. சாதாரணமாகவே அதன் ஆயுள் இரண்டு முதல் நான்கு வருடங்கள்தான். விளக்கு எரிகிறது, ‘பீப்’ ஒலிக்கிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று நம்பக் கூடாது. எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கை அதில் இணைத்துச் சுவர் ஆளியை நிறுத்திப் பாருங்கள். விளக்கு உடனே அணைந்தால் மின்கலம் இறந்துவிட்டது.

சித்திரை மாதமும் ஐப்பசி, கார்த்திகையும் பிற்பகல் இடியின் காலம். யூ.பி.எஸ். இருந்தாலும் இடி இடிக்கும்போது சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இணையத்துக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும். ரவுட்டர் வழியாக வலையமைப்புக் கேபிளில் ஏறி வரும் மின்னல்தான் தாய்ப்பலகைகளை அதிகம் கொல்கிறது. பாடசாலைக் கட்டடத்தின் நிலத்தொடுப்பையும் ஒரு மின்னியலாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். எந்தப் பராமரிப்பு மென்பொருளும் இதைச் சொல்லாது.

சிறுமணி | கொட்டகலை

நடுவில் என் கேள்வி, மன்னிக்கவும். வீட்டுக் கணினியில் மின்சாரம் போய் வந்ததும் எல்லா இணையத்தளங்களும் “பாதுகாப்பற்ற இணைப்பு” என்று சொல்கின்றன. வைரஸ் நீக்கி ஓட்டியும் மாறவில்லை. அண்ணன் விண்டோஸை மீண்டும் நிறுவச் சொல்கிறார்.

திருப்புளி | ஹட்டன்

விண்டோஸை நிறுவுமுன் மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பார், தங்கச்சி. திகதி பல வருடங்கள் பின்னால் போயிருக்கும். தாய்ப்பலகையில் நாணயம் அளவுக்கு ஒரு சிறு மின்கலம் இருக்கிறது, சி.ஆர். 2032 என்று பெயர். மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய திகதிக்குத் திரும்பும். இணையத்தளச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கடிகாரம் தவறினால் உலாவி அவற்றை ஏற்காது. மணிக்கூட்டுக் கடையிலேயே அந்த மின்கலம் கிடைக்கும். மாற்றிவிட்டுத் திகதியைச் சரிசெய்தால் முடிந்தது.

தளிர்_டீச்சர் | பொகவந்தலாவை

யூ.பி.எஸ். சோதனை செய்தேன், விளக்கு உடனே அணைந்துவிட்டது. அதிபர் மின்கலம் மாற்றச் சம்மதித்துவிட்டார்.

பெங்குவின் சொன்ன முறையை எங்கள் பழைய மாணவர் ஒருவர் வந்து செய்து தந்தார். பாதியில் நின்ற கோப்புறையில் மூன்று கோப்புகள் தவிர மற்றவை எல்லாம் கிடைத்துவிட்டன. எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இனி என்ன செய்வது? புதிய தட்டு வாங்கி, பழையதை அப்படியே அதற்கு மாற்றலாமா? இல்லை, புதிதாக விண்டோஸ் நிறுவுவதா?

திருப்புளி | ஹட்டன்

256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். புதிதாக நிறுவுங்கள். பழுதான தட்டிலிருந்து அப்படியே மாற்றினால் சிதைந்த சிஸ்டம் கோப்புகளும் சேர்ந்து வரும். பிறகு டிஸ்ம் கருவியால் விண்டோஸின் மூலக் கோப்புகளைச் சரிசெய்து, அதன்பின் சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்.எப்.சி. ஓட்டி என்று அலைய வேண்டும். நல்ல தட்டில் மின்தடையால் கோப்பு மட்டும் சிதைந்திருந்தால் அந்த இரண்டும் அருமையான கருவிகள், அதே வரிசையில் ஓட்டினால். இங்கே அதற்குத் தேவையில்லை. இடமிருந்தால் ரேமையும் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். எஸ்.எஸ்.டி.க்கு, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிபிராக் மென்பொருள் எதுவும் வேண்டாம். அதற்குத் தேவையான, அழித்த கோப்புகளின் இடத்தை விடுவிக்கும் டிரிம் வேலையை விண்டோஸே செய்துகொள்ளும்.

நிறுவுமுன் ஒன்று. உங்கள் வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில்தானே? மீட்ட பிம்பத்திலிருந்து விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள எழுத்துருக் கோப்புறையையும் எடுத்து வையுங்கள். புதிய கணினியில் பாமினி இல்லாவிட்டால் வினாத்தாள் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்புச் சிதைந்துவிட்டதென்று பதறி, நல்ல கோப்பை அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

பெங்குவின்_பதுளை

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது. தனிப்பட்ட பயனர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். டீச்சரின் கணினி அதற்கு முந்தியதாக இருந்தால் லினக்ஸ் மின்ட்டே சரியான வழி. லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் வினாத்தாள் தயாரிக்கலாம், பாமினியையும் அதில் சேர்க்கலாம்.

வெள்ளிமலை | இராகலை

இந்த இடத்தில் நான் மாறுபடுகிறேன். கல்வி வலயத்திலிருந்து வரும் எக்செல் படிவங்கள் மெக்ரோ என்ற தானியங்கிக் கட்டளைகளோடு வருகின்றன. லிப்ரே ஒபிஸில் அவை ஒழுங்காக இயங்குவதில்லை. படிவம் நிரப்பவேண்டிய ஆசிரியரிடம் புதிய இயங்குதளத்தையும் கற்றுக்கொள் என்பது நியாயமில்லை. விண்டோஸே இருக்கட்டும், இணையத் தொடர்பைக் குறைத்துப் பயன்படுத்தட்டும்.

பெங்குவின்_பதுளை

இணையம் இல்லாவிட்டாலும் பென் டிரைவ் வழியாக எல்லாம் வரும், ஐயா. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கணினியில் பிள்ளைகளின் விவரங்களை வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் நிறுவி, படிவத்துக்கு மட்டும் விண்டோஸைத் திறக்கலாம்.

தளிர்_டீச்சர் | பொகவந்தலாவை

செயலி ஆறாம் தலைமுறை என்று அந்த மாணவர் சொன்னார். தேவைப்பட்டால் இரண்டையும் நிறுவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதிபரிடம் பேசிவிட்டு முடிவு செய்கிறோம். எஸ்.எஸ்.டி.யும் யூ.பி.எஸ். மின்கலமும் சேர்த்து, கட்டணப் பதிப்புக்கு மூன்று வருடங்களில் கொடுத்திருக்கும் தொகையைவிடக் குறைவாகத்தான் வருகிறது. ரேம் அடுத்த தவணையில்.

கடைசியாக ஒன்று: கழற்றிய பழைய வன்தட்டைத் தரம் 10 பிள்ளைகளின் பயிற்சிக் கணினியில் போட்டுப் பயன்படுத்தலாமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

திருப்புளி | ஹட்டன்

வேண்டாம், டீச்சர். மீட்ட வினாத்தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்கும்வரை அதைப் பெயர் எழுதி அலுமாரியில் வையுங்கள். விடுபட்ட அந்த மூன்று கோப்புகளுக்காக மறுபடி தேவைப்படலாம். அதன்பிறகு அதில் மாணவர் விவரங்கள் இருப்பதால் யாருக்கும் கொடுக்காமல் திருப்புளியால் திறந்து, உள்ளே உள்ள வட்டத்தகடுகளைக் கழற்றி உடைத்துவிடுங்கள். அந்த வேலையை வேண்டுமானால் தரம் 10 பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். வன்தட்டின் உட்புறத்தைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டும்தானே பார்த்திருப்பார்கள். சில தட்டுகளின் வட்டத்தகடு கண்ணாடியால் ஆனது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். துணியால் சுற்றி, பெரியவர் ஒருவரே உடைக்கட்டும்.